ஒரே ஒரு வருடம் மேலே இருந்தவர்கள்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகன் பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மாணவன். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தபோது எனக்குத்தான் முதலில் சொன்னாள், இனிப்பும் கொண்டு வந்து கொடுத்தாள். இப்போது முதல் செமஸ்டர் முடிவு வந்திருக்கிறது. மூன்று தாளில் அரியர். பையன் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். "அவனுக்கு அந்த இடத்துக்குத் தகுதி இல்லையோ சார்? நாங்கதான் ஆசைப்பட்டு அனுப்பிட்டோமோ?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இது ஒரு கால்பந்துக் கதை. கால்பந்து தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர். செருப்பும் பூட்ஸும் செய்வதற்குப் பேர் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்டுக்கொண்ட பூட்ஸுகளில் பெரும்பகுதி அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் தைக்கப்பட்டதுதான். நம் வட ஆற்காட்டு மக்களுக்கு இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. அந்தப் போரின்போது இராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் ஏராளமாகக் கப்பலேறியது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்துத் தோலும் அந்த ஊர்த் தொழிலாளி கையில் பட்டிருக்கக்கூடும்.

அந்த ஊர்க் கால்பந்து அணி நார்தாம்ப்டன் டவுன். செல்லப்பெயர் 'காப்ளர்ஸ்'. அதாவது செருப்புத் தைப்பவர்கள். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் ஊரில் அந்தத் தொழிலின் பெயரை வசையாகப் பயன்படுத்திய காலம் உண்டு. சிலர் இன்னும் விடவில்லை. அங்கே ஓர் ஊரே அந்தப் பெயரைப் பெருமையாகச் சூட்டிக்கொண்டு மைதானத்தில் கத்துகிறது.

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் அப்போது நான்கு டிவிஷன்கள். நான்கு மாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் கீழ் மாடியில் முன்னணியில் வந்தவர்கள் மேல் மாடிக்கு ஏறுவார்கள். மேல் மாடியில் கடைசியாக வந்தவர்கள் கீழே இறங்குவார்கள். ஏறுவதற்குப் பெயர் 'புரமோஷன்'. இறங்குவதற்குப் பெயர் 'ரெலிகேஷன்'. பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லும் அதே புரமோஷன்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு இறக்க மாட்டார்கள். அங்கே இறக்குவார்கள்.

1959-இல் டேவ் பொவென் என்பவர் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் நார்தாம்ப்டனுக்கு வந்தார். சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1958 உலகக் கோப்பையில், வேல்ஸ் நாட்டு அணியின் கேப்டன். காலிறுதியில் பிரேசிலிடம் 1-0 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தது பெலே என்ற பதினேழு வயதுப் பையன். அப்படிப்பட்ட மேடையைப் பார்த்தவர், லண்டனின் ஆர்சனல் கிளப்பை விட்டுவிட்டு, நான்காம் மாடியில் கிடந்த பழைய கிளப்புக்குத் திரும்பி வந்தார்.

அதன் பிறகு நடந்ததைக் கணக்காகவே சொல்கிறேன். 1961-இல் நான்காம் டிவிஷனிலிருந்து மூன்றாவதற்கு ஏறினார்கள். 1963-இல் மூன்றாம் டிவிஷனில் முதலிடம், அந்த சீசனில் மட்டும் 109 கோல். 1965-இல் இரண்டாம் டிவிஷனில் இரண்டாமிடம். 42 ஆட்டங்களில் 6 மட்டுமே தோல்வி. முதலிடம் பிடித்த நியூகாசில் இவர்களைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். ஆக, 1960-இல் நான்காம் மாடியில் இருந்தவர்கள் 1965-இல் மொட்டை மாடியில் நின்றார்கள்.

அந்த ஊரில் அப்போது சுமார் ஒரு லட்சம் பேர்தான். சொந்தமாக ஒரு முழு மைதானம்கூடக் கிடையாது. கவுண்டி கிரவுண்ட் என்ற அந்த இடம் அடிப்படையில் கிரிக்கெட் மைதானம். நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி அணி ஆடும் இடம். அதில் ஒரு ஓரத்தைக் கால்பந்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பக்கம்தான் பார்வையாளர்கள், நான்காவது பக்கம் கிரிக்கெட் புல்வெளி. 1965 கோடையில் கிரிக்கெட் அணியும் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் மிக நெருங்கி வந்து இரண்டாமிடம் பிடித்தது. குண்டு உடம்போடு சிக்ஸர் அடிக்கும் காலின் மில்பர்ன் ஆடிய அணி அது. அந்த ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்களுக்குத் தரையில் கால் பாவியிருக்காது.

இனிதான் நம் கதைக்கு வருகிறோம். ஏறிய பிறகு வந்த அந்த ஒரு வருடம்.

1965 ஆகஸ்ட் 21. முதல் ஆட்டம், எவர்டன் அணியின் ஊரில். 5-2 என்று தோல்வி. நான்கு நாள் கழித்து ஆர்சனல் இவர்கள் ஊருக்கு வந்தது. 1-1 சமன். மேலாளர் பொவெனுக்கு அது பழைய வீடு. அதற்குப் பிறகு வெற்றி என்பதே வரவில்லை. வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். 13 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபர் கடைசியில் 14-ஆவது ஆட்டத்தில்தான் முதல் வெற்றி. யாரிடம்? வெஸ்ட் ஹாமிடம், 2-1. பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் ஆகியோர் இருந்த கிளப். ஒன்பது மாதம் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கிய மூன்று பேர்.

அடியும் வாங்கினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் தன் மைதானத்தில் 6-2 என்று நொறுக்கியது. சீசன் முழுவதும் வாங்கிய கோல் 92. ஒரு வருடம் முன்பு, இரண்டாம் டிவிஷனில், இவர்கள் வாங்கியது 50 மட்டுமே. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஒரே கோடையில் அவர்கள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. எதிரில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? வகுப்பில் கேட்பேனே, 'காரணங்களை எழுதுக' என்று, அதுபோல எழுதுகிறேன்.

முதல் காரணம் பணம். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்து அந்த உச்சவரம்பை உடைத்தது. அது நியாயமான போராட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உச்சவரம்பு போனதும் ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கும் முதல் வீரரானார். தொழிலாளிக்கு நீதி கிடைத்தது. ஆனால் அதன் இன்னொரு பக்கம், பெரிய ஊர்க் கிளப்புக்கும் சின்ன ஊர்க் கிளப்புக்கும் இடையே பள்ளம் ஆழமாகத் தொடங்கியது. அதுவரை 20 பவுண்டு என்ற ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருந்தார்கள். நார்தாம்ப்டன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த அதே ஐந்து வருடத்தில்தான், உச்சி இன்னும் உயரே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஏறிய வேகம். படிப்படியாக ஏறும் கிளப், ஒவ்வொரு மாடியிலும் சில வருடம் தங்கி, வருமானம் சேர்த்து, புதிய ஆட்களை எடுத்து, மைதானத்தை விரிவாக்கும். இவர்களுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. நான்காம் டிவிஷனில் ஆடிய சிலர் முதல் டிவிஷனிலும் ஆடினார்கள். பாரி லைன்ஸ் என்பவர் ஒரே கிளப்புக்காக நான்கு டிவிஷன்களிலும் ஆடி, நான்கிலும் கோல் அடித்தவர். அது அவருக்குப் பெருமை. கிளப்புக்கு வேறு ஆள் வாங்க வசதி இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

மூன்றாவது, அந்த மூன்று பக்க மைதானம். கூட்டம் வந்தாலும் உட்கார வைக்க இடம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் காசு இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் கைவிட்டுவிட்டார்களா? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் 13 ஆட்டங்களில் பூஜ்ஜியம் வெற்றி. மீதி 29 ஆட்டங்களில் 10 வெற்றி. அதாவது, கற்றுக்கொண்டார்கள். மேல் மாடியில் எப்படி மூச்சுவிடுவது என்று அவர்களுக்குப் பழக இரண்டு மாதம் பிடித்தது. பழகியபோது நேரம் குறைவாக இருந்தது.

1966 ஏப்ரல் 23. ஃபுல்ஹாம் அணி கவுண்டி கிரவுண்டுக்கு வந்தது. ஆம், நான் மேலே சொன்ன, 100 பவுண்டு ஹெய்ன்ஸ் இருந்த அதே ஃபுல்ஹாம். அவர்களும் இறங்கும் ஆபத்தில்தான் இருந்தார்கள். மூழ்கும் இரண்டு பேர், ஒரு கட்டை. அன்று கூடியவர்கள் 24,523 பேர். அந்த மைதானத்தின் வரலாற்றிலேயே அதிகம்.

நார்தாம்ப்டன் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அப்போது ஜார்ஜ் ஹட்சன் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டிவிட்டது என்று நார்தாம்ப்டன்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். கோட்டருகே இருக்க வேண்டிய லைன்ஸ்மேன் வழுக்கி விழுந்துவிட்டதால் பார்க்கவில்லை என்பது அந்த ஊரின் கதை. கோல் கொடுக்கப்படவில்லை. 3-1 ஆகியிருக்க வேண்டியது அப்படியே நின்றது. பின்பாதியில் ஃபுல்ஹாம் திரும்பி வந்தது. ஸ்டீவ் ஏர்ல் என்பவர் மூன்று கோல் அடித்தார். முடிவு 4-2. நார்தாம்ப்டன் தோற்றது.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 30-ஆம் தேதி, வெம்ப்ளியில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா? லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவ் தாண்டியது என்றார். கோல். இங்கிலாந்து உலக சாம்பியன். ஒரே வருடம், ஒரே நாடு, ஒரே மாதிரிப் பந்து. ஒன்றைக் கொண்டாடினார்கள். மற்றது அந்த ஊரைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

சீசன் முடிந்தபோது பட்டியலைப் பாருங்கள். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. நார்தாம்ப்டன் 10 வெற்றி, 13 சமன், 19 தோல்வி. 33 புள்ளி, 22 அணிகளில் 21-ஆம் இடம். ஃபுல்ஹாம் 35 புள்ளி, 20-ஆம் இடம். கடைசி இரண்டு அணிகள் இறங்க வேண்டும். நார்தாம்ப்டன் இறங்கியது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. மற்றதெல்லாம் அப்படியே இருந்து, அந்த ஏப்ரல் ஆட்டத்தில் மட்டும் நார்தாம்ப்டன் ஜெயித்திருந்தால்? நார்தாம்ப்டன் 35, ஃபுல்ஹாம் 33. இடம் அப்படியே மாறியிருக்கும். ஒரு வருட உழைப்பின் முடிவு ஒரு மத்தியானத்தில் இருந்தது.

பிறகு சரிவு. 1967-இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மூன்றாவதற்கு. 1969-இல் நான்காவதற்கு. பத்தே வருடத்துக்குள் அடியிலிருந்து உச்சிக்குப் போய் மறுபடி அடிக்கே வந்துவிட்டார்கள். 1970 பிப்ரவரியில் கோப்பை ஆட்டம் ஒன்றில் மான்செஸ்டர் யுனைடெட் அவர்கள் ஊருக்கு வந்தது. ஜார்ஜ் பெஸ்ட் தனி ஒருவராக ஆறு கோல் அடித்தார். 8-2. நார்தாம்ப்டன் என்றால் உலகம் இன்று நினைப்பது அந்த ஆறு கோலைத்தான். 1965-ஐ அல்ல.

இங்கே நான் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன். படு கெட்டிக்காரன். அப்போதெல்லாம் டபுள் புரமோஷன் என்ற வழக்கம் இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நானே தலைமையாசிரியரிடம் பேசி அவனை நேராக எட்டாம் வகுப்பில் உட்கார வைத்தேன். ஏழாம் வகுப்புக் கணக்கை அவன் பார்த்ததே இல்லை. யாரும் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நானும்தான். அந்த வருடக் கடைசியில் பெயிலாகிவிட்டான். மதிப்பெண் பட்டியல் கொடுக்கும்போது வகுப்பு முன்னால், "ஏறின வேகத்துல இறங்கிட்டியேடா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அன்று நான் 92 கோலை மட்டும் பார்த்தேன். எதிரில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள் என்பதைப் பார்க்கவில்லை. ஏணியில் ஏற்றிவிட்டது யார், நடுவில் ஒரு படி இல்லை என்று தெரிந்தும் சும்மா இருந்தது யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவன் இறங்கவில்லை. நான்தான் அவனை இறக்கினேன்.

பல வருடம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் அவனே வந்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க விடவில்லை. அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன். தம்பி, யார் மூலமாவது இது உன் கண்ணில் பட்டால், நான் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது.

நார்தாம்ப்டன் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1992-இல் அந்தக் கிளப் கடனில் மூழ்கி, மூடும் நிலைக்கு வந்தது. அப்போது ரசிகர்கள், சாதாரண ஊர்க்காரர்கள், ஒன்றுகூடி ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். காசு திரட்டினார்கள். திரட்டியதோடு நிற்காமல், கிளப்பின் இயக்குநர் குழுவில் தங்கள் பிரதிநிதிக்கு ஓர் இடமும் வாங்கினார்கள். இங்கிலாந்தில் ரசிகர் அறக்கட்டளை என்ற முறைக்கு முன்னோடி அதுதான். பின்னாளில் கஷ்டத்தில் விழுந்த எத்தனையோ கிளப்புகளின் ரசிகர்கள் அந்த வழியைப் பின்பற்றினார்கள். முதல் டிவிஷனில் ஒரே வருடம் இருந்த ஊர், கீழே இருந்தபோதுதான் மற்றவர்களுக்கு வழிகாட்டியது.

1994-இல் மூன்று பக்க மைதானத்தை விட்டு சிக்ஸ்ஃபீல்ட்ஸ் என்ற புதிய மைதானத்துக்குப் போனார்கள். அங்கே வால்டர் டல் நினைவாக ஒரு சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் அந்தக் கிளப்புக்கு ஆடிய கறுப்பின வீரர். பிறகு இராணுவ அதிகாரியாகி 1918-இல் போர்க்களத்தில் இறந்தவர். 2016-இல் நான்காம் மட்டத்தில் 99 புள்ளி எடுத்து முதலிடத்தில் ஏறினார்கள். இரண்டே வருடத்தில் இறங்கினார்கள். 2020-இல் ஏறினார்கள், மறு வருடமே இறங்கினார்கள். 2023-இல் மறுபடி ஏறினார்கள். முதல் டிவிஷனை மட்டும் அவர்கள் மறுபடி தொடவே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை தோறும் ஆட்கள் மைதானத்துக்குப் போகிறார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் போகிறார்கள்.

அம்மா, உன் கேள்விக்கு வருகிறேன். 'தகுதி இல்லையோ' என்று கேட்டாய். 42 ஆட்டங்களில் 6 மட்டும் தோற்று ஏறியவர்களுக்கு மேலே தகுதி இருந்ததா இல்லையா என்று இவ்வளவு படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏறுவதற்கான தகுதியைக் காட்டித்தான் ஏறினார்கள், அது நிச்சயம். தங்குவதற்கு வேண்டியது வேறு. அதற்கு நேரம் வேண்டும், நடுவில் விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நார்தாம்ப்டனுக்கு 42 ஆட்டம்தான் கொடுத்தார்கள். உன் மகனுக்கு இன்னும் ஏழு செமஸ்டர் இருக்கிறது. முதல் 13 ஆட்டத்தை வைத்து அவனைக் கணக்குப் போடாதே.

அவனை இந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அனுப்பு. கணிதம் எனக்கு வராது. ஆனால் என் கூடப் பணியாற்றிய கணித ஆசிரியர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், பேசிவிட்டேன். காலை பத்து மணிக்கு வரச் சொல். சாப்பாடு இங்கேதான். யார் முன்னாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்றும் சொல்.

மற்ற பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஏறியவர்கள், இறங்கியவர்கள் இருப்பார்கள். ஏறிய அன்று இனிப்போடு போன வீட்டுக்கு, இறங்கிய அன்றும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்